வாய்க்குள் வந்த பட்டு

ஈறு சத்தம் போடாமல் இறங்கும். முடி கொட்டினால் சீப்பு சொல்லிவிடும். தொப்பை விழுந்தால் அரைஞாண்கயிறு சொல்லிவிடும். ஈறு மட்டும் வருஷக்கணக்காக நைசாகப் பின்வாங்கி, ஒருநாள் ஜில்லென்று மோர் குடிக்கும்போது உச்சந்தலைவரை கூசவைத்துத்தான் சேதி சொல்லும். பல்லின் வெளிப்பாகத்துக்கு எனாமல் என்ற கவசம் உண்டு. வேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"வயசானா பல்லு நீளும்பா" என்றார் பெரியப்பா. பல் நீள்வது எலி, முயல் மாதிரிப் பிராணிகளுக்குத்தான். மனிதனுக்கு ஈறுதான் விலகும்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் சமஸ்கிருதம் முதல் பொறியியல்வரை சொல்லித்தரும் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் பல் வைத்தியம் படிக்க டீக்கடையே போதும். உப்புத் தண்ணீர், கடுக்காய்த் தூள், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு என்று ஆளுக்கொரு பாடம் எடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் நான் பார்த்த ஈறு நிபுணரோ ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வாய் சுத்தமா இருக்கும் சார். ஆனா போன ஈறு தானா வளராது."

காரணம் கேட்டேன். பிறவியிலேயே மெல்லிய ஈறு, வரிசையை விட்டு வெளியே துருத்திய கோரைப்பல். தாத்தா எனக்கென்று விட்டுப்போன சொத்து இதுதான் என்று அன்று தெரிந்தது.

பிறகு டாக்டரம்மா வழிகளை அடுக்கினார். மிச்சமுள்ள ஈற்றையே தளர்த்தி, பல்லை நோக்கி இழுத்துத் தைப்பது ஒன்று. ஈறு தடிமனாக இருந்தால் நல்ல வழி. எனக்கு அந்தத் தடிமன் இல்லை. பக்கத்துப் பல்லின் ஈற்றை நகர்த்தி மூடுவது அடுத்தது. 1956லேயே குரூப், வாரன் என்ற இருவர் எழுதிவைத்த முறை. பக்கத்து இடத்தை இழுத்துக்கொண்டதாக எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கு நடக்கிறது, வேண்டாம் என்றேன்.

கலிபோர்னியாவின் ஜான் சாவ் என்ற மருத்துவர் 2012இல் வெளியிட்ட ஊசித்துளை முறையும் உண்டு. சின்னத் துளை போட்டு, அதன் வழியே ஈற்றைத் தளர்த்தி நகர்த்தி, கொலாஜன் துண்டுகளைச் செருகிவிடுவார்கள். தையல் கிடையாது. "கொலாஜன் எதிலேர்ந்து வருது?" என்று கூட வந்த அத்தை கேட்டார். பெரும்பாலும் பன்றி, மாடு என்றார் டாக்டர். தானம் கொடுத்த மனிதத் தோலைப் பதப்படுத்தியும் ஒட்டுவார்களாம். முட்டைக்கே தனிச் சட்டி வைத்திருக்கும் அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கடைசியில் நின்றது, மேலண்ணத்தின் மேல்தோலுக்கு அடியிலிருந்து இணைப்புத் திசுவை மட்டும் எடுத்து, ஈற்றுக்கு அடியில் செருகித் தைப்பது. லாங்கர், லாங்கர் என்று இரண்டு பேர் 1985இல் விவரித்தது. இன்றும் மற்ற முறைகளை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மேல்தோலோடு சேர்த்து எடுத்து ஒட்டும் பழைய முறையும் இருக்கிறது. அதில் ஈறு பலப்படும், ஆனால் நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரியும்.

அறுவை சிகிச்சையன்று மரத்துப்போன வாயோடு படுத்திருந்தபோது கறுப்பு நூல் ஒன்று கண்முன் போய்வந்தது. என்ன நூல் என்று கையாலேயே கேட்டேன். "பட்டு சார்" என்றார் டாக்டர். நைலான் வகைகளும் உண்டாம். பட்டு மெத்தென்று இருக்கும், நாக்கைக் குத்தாது. ஆனால் பின்னிய நூல் என்பதால் அழுக்கு சேரும், தானாகவும் கரையாது, பிரித்தே ஆக வேண்டும் என்றார்.

காஞ்சிபுரத்தில் பட்டு இலவசமாகக் கிடைத்த ஒரே ஆள் நான்தான் என்று பெருமைப்பட்டேன், பில் வரும்வரை. பக்கத்து வீட்டு நெசவுக்கார அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். "கோர்வை மாதிரி கரையை உடம்போட சேத்துட்டாங்க, பிரியாது" என்று சான்றிதழ் கொடுத்தவர், "ஜரிகை வெக்கலியா?" என்று ஒரு குறையும் சொன்னார்.

ஈற்றைவிட அண்ணம்தான் அதிகம் வலித்தது. கடன் வாங்கியவன் சுகமாக இருக்க, கொடுத்தவன் அவதிப்படுவது வாய்க்குள்ளும் நடக்கிறது. தைத்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. குளோர்ஹெக்சிடின் போட்டுக் கொப்பளிக்க வேண்டும். மிளகும் சுக்கும் தூக்கலான கோயில் இட்லிக்குத் தடை, ஐஸ்கிரீமுக்கு அனுமதி. வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்கும் ஈறு இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடி முன் வரிசையில் நின்றார்கள்.

இறங்கிய எல்லா ஈற்றுக்கும் கத்தி தேவையில்லை. கூச்சமில்லை, மேலும் இறங்கவில்லை என்றால் கவனித்து வந்தாலே போதும். அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏன் இறங்கியது? பற்களுக்கு நடுவே எலும்பு மிச்சமிருக்கிறதா? ஒட்டு எங்கிருந்து வருகிறது? நடு எலும்பு கரைந்திருந்தால் வேர் முழுசாக மூடாது. முரட்டு பிரஷ்ஷையும் புகையிலையையும் விடாதவருக்கு எவ்வளவு செலவழித்து ஒட்டினாலும் ஈறு மறுபடி இறங்கும்.