மாடு இழுத்த ரயில்

திருவனந்தபுரம் பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கூட்ஸ் வண்டி வரும்போதெல்லாம் பெட்டிகளை எண்ணுவது என் வழக்கம். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று போய்க்கொண்டிருக்கும்போது எவனாவது "சேட்டா, ரண்டு சாயா" என்று கத்துவான். கணக்கு போச்சு. இத்தனை வருஷத்தில் கார்டு பெட்டிவரை ஒழுங்காக எண்ணி முடித்ததே இல்லை.

கையிலிருக்கும் டீ என்னைப் பார்த்து இளிக்கும். இளிக்க அதற்கு உரிமை உண்டு. திருவிதாங்கூரின் தலைநகரம் ரயிலைப் பார்க்க 16 வருஷத்துக்கு முன்பே இந்த டீயின் முப்பாட்டி மூணாறில் தண்டவாளம் ஏறிவிட்டாள்.

திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1918-இல். வந்தது என்றால், சாக்கைப் பக்கம் வந்து கடற்காற்று வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஊருக்குள் தம்பானூர்வரை வர இன்னும் 13 வருஷம். பத்மநாபசாமியே படுத்திருக்கும் ஊரில் ரயில் மட்டும் ஏன் ஓட வேண்டும்? 1931 நவம்பர் 4-ஆம் தேதி அது தம்பானூரைத் தொட்டபோது, ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயி பதவியிலிருந்து இறங்க இரண்டே நாள் பாக்கி.

மூணாறில் துரைமார்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. 1902-இலேயே மோனோரயில் போட்டுவிட்டார்கள். உடனே சிங்கப்பூர் செந்தோசாத் தீவின் மோனோரயிலை நினைக்க வேண்டாம். பாதையோரம் ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் அடியிலிருந்த சின்னச் சக்கரம் அதன்மேல் உருளும். வண்டி குடை சாயாமல் இருக்க, ஒரு பக்கம் பெரிய சக்கரம் ஒன்று மண்ணில் ஓடும். ஊன்றுகோல் பிடித்த தாத்தா மாதிரி. எஞ்சின்? இரண்டு கொம்பும் நாலு காலும் உள்ளது. மாடு! இதற்கு ஈவிங் முறை என்று கௌரவமான பெயர் வேறு. பட்டியாலா சமஸ்தானத்திலும் 1907-இல் இதே முறையில் ரயில் விட்டார்கள். அவர்களாவது நீராவி எஞ்சின் வைத்தார்கள், அது இன்னும் டெல்லி ரயில் மியூசியத்தில் இருக்கிறது. மூணாறு எஞ்சின்களை மியூசியத்தில் வைக்க முடியாது. சாணி அள்ள ஆள் வேண்டும்.

மாடுகளைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்திலிருந்தே வைத்தியர் வந்தாராம். கங்காணி பின்னால் போடி மலை ஏறி வந்த நம் ஆட்களோ நடந்தே வந்தார்கள். அவர்கள் பறித்த இலை ரயிலில் போயிற்று.

1908-இல் மாட்டுக்கு ஓய்வு. இரண்டடி அகலப் பாதை வந்தது, நிஜமான எஞ்சின் வந்தது. மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகத் தேயிலைப் பெட்டிகள் புகைவிட்டுக்கொண்டு டாப் ஸ்டேஷன் போகும். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு மேல் கிடுகிடு பள்ளம். பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கும். இறங்கினால் அங்கே தயாராக நிற்பது மாட்டு வண்டி. மேலே வேலை போன மாடுகளுக்குக் கீழே வேலை கிடைத்ததோ என்னவோ! போடிக்கு ரயில் வந்தது 1928-இல்தான்.

அந்த ரயிலோடு கைகுலுக்க மூணாறு ரயில் உயிரோடு இல்லை. 1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்லும் மழை பெய்தது. மூன்று ஆறு கூடுவதால்தான் அந்த ஊருக்கு மூணாறு என்று பேர். அந்த வாரம் மூன்றும் சொல்லிவைத்தாற்போல் கிளம்பிவிட்டன. தண்டவாளம், பாலம் எல்லாம் போச்சு. திரும்பப் போடவில்லை. ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி ஆபீஸாகிவிட்டது. தம்பானூருக்கு ரயில் வர அப்போது இன்னும் ஏழு வருஷம் இருந்தது.

போன வருஷம் டாப் ஸ்டேஷன் போயிருந்தேன். ஸ்டேஷன் தவிர எல்லாம் இருந்தது: கேரட், மக்காச்சோளம், செல்ஃபி எடுக்கும் கூட்டம். டீக்கடைக்காரரிடம், "அண்ணே, ஸ்டேஷன் எங்க?" என்று கேட்டேன்.

"அது வெள்ளத்துல போயிருச்சு சார்," என்றார், ஏதோ முந்தாநாள் மழையில் போனது மாதிரி. டீயை ஒரு ஆற்று ஆற்றி என் கையில் கொடுத்தார்.