துவைக்காத சட்டை

மாப்ளே, டொரண்டோவுல உம்ம வீட்டுச் சுவத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள தொங்குற சட்டையைப் பார்த்துட்டு, காலமான பெரியவர் யாரோடதோன்னு கும்பிட்டுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, பனித்தரையில ஹாக்கி ஆடுன எவனோ வேர்வையோட கழட்டிப் போட்டதுன்னு.

இந்தக் கிறுக்கு உமக்கு மட்டும்னா வைத்தியர்கிட்டக் காட்டலாம். 1972-ல சோவியத்காரங்களோட கனடா ஆடுன தொடர்ல, மாஸ்கோவுல நடந்த எட்டாவது ஆட்டத்துல, முடிய 34 விநாடி இருக்கையில பால் ஹெண்டர்சன் கோல் போட்டாராமே, அப்ப அவர் போட்டிருந்த சட்டை 2010-ல 12 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல ஏலம் போயிருக்கு. ஊரே கிறுக்கா இருந்தா அதுக்குப் பேரு சந்தை. சந்தைன்னா எனக்குத் தெரியும், கேட்டுக்கும்.

மாட்டுக்குச் சுழி பார்க்குற மாதிரி சட்டைக்கு அழுக்குப் பாரும். ஓரத்துப் பலகையில மோதி உரசுன தீற்றல், பக்குங்குற ரப்பர் வட்டு பட்ட கருந்தடம், மட்டையில சுத்துன டேப்போட கரி, கிழிசலுக்குப் போட்ட தையல், இதுதான் சொத்து. உள்ளே முதுகுப் பக்கம் ஒரு வார் தொங்கும். சண்டையில சட்டை தலைக்கு மேல உருவிராம கால்சட்டையோட கட்டி வைக்க. பஃபலோ அணியில ராப் ரேன்னு ஒரு பயில்வான் சட்டையைக் கழட்டிட்டு அடிக்குறதே வாடிக்கையாப் போக, வாரைக் கட்டாம சண்டைக்குப் போனா ஆட்டத்தை விட்டே வெளியேத்துவோம்னு சட்டம் போட்டாங்க. நம்ம ஊர்ல மாட்டுக்குத்தான் மூக்கணாங்கயிறு.

முதுகுல ஆட்டக்காரன் பேரு இல்லையேன்னு பழஞ்சட்டையைத் தள்ளிராதீரும். எல்லா அணியும் பேரு போட்டாகணும்னு விதி வந்ததே 1977-லதான். டொரண்டோ அணி முதலாளி ஹெரால்ட் பல்லார்டு, பேரு தெரிஞ்சா மைதானத்துல ஆட்டப் புத்தகம் விக்காதேன்னு முரண்டு பிடிச்சு, கடைசியில நீலச் சட்டையில நீல எழுத்தாத் தைச்சு ஆளுகளை அனுப்புனாரு. கஞ்சத்தனத்துக்கும் ஒரு கலைநயம் வேணும்!

அந்தக் காலத்துல சட்டைக்கு யாரும் பூசை போடலை. பெரிய அணி போட்டு முடிச்சது கீழணிக்குப் போகும். அவன் பேரைப் பிரிச்சுட்டு வேற பேரைத் தைச்சுக்குவான். அண்ணன் சட்டை தம்பிக்கு. அதனாலதான் மிஞ்சுனது கொஞ்சம். பழைய ஊசித்துளை தெரியுதான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாரும்.

எங்க சந்தைத் தரகன் கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி இளசாக்குவான். உங்க தரகன் புதுச் சட்டையை உப்புத்தாளால தேச்சு, பக்கை வச்சு நாலு இழுப்பு இழுத்துக் கிழடாக்குவான். அசல்னு அவன் நீட்டுற கடுதாசியை நம்பாதீரும். ஆட்டத்தன்னைக்கு எடுத்த படத்தை வச்சு, அந்தத் தையலும் தழும்பும் அதே இடத்துல இருக்கான்னு ஒப்பிட்டுப் பாரும். உமக்குப் பொண்ணு பார்க்கையில உங்கம்மாகூட இம்புட்டுப் பார்க்கலை.

எல்லாத்துக்கும் மேல, துவைச்சிராதீரும். போன மாசம் உங்க அத்தை என் உழவுச் சட்டை ஆறை எவர்சில்வர் பாத்திரக்காரன்கிட்டத் தூக்கிப் போட்டா. அத்தனையும் அசல் வேர்வை, அசல் கிழிசல். ஒண்ணுல மாடு முட்டுன தையல் வேற. விரிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கரண்டியை எடுத்து நீட்டுனான். "துவைச்சாவது குடுத்திருந்தா டம்ளர் தந்திருப்பேன்மா"ன்னான்.