புழல் சுவரும் ஈஸ்ட் ஹாம் சுவரும் ஒன்பது இஞ்ச்தான்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

சென்னைப் புழல், காவாங்கரை வீட்டில் பெரியப்பா, பெரியம்மா இருவருக்கும்,

லண்டனில் வீட்டைச் சூடாக்க இப்போது அதிகம் பேசப்படும் கருவி ஹீட் பம்ப். பெயர்தான் புதிது, புழலில் அது தெருவுக்கு நான்கு தொங்குகிறது, ஏசி என்ற பெயரில். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளித் தெருவில் கொட்டுவது ஏசியின் வேலை. அவுட்டோர் யூனிட்டுக்கு எதிரே நின்று யாரிடமாவது பேசிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஹீட் பம்ப் அதையே திருப்பிப் போட்டுச் செய்கிறது: தெருவில் இருக்கும் வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிறது.

ஜனவரி மாத லண்டன் தெருவில் வெப்பம் ஏது என்ற கேள்வி வரும். வெப்பம் அடியோடு அற்றுப்போவது மைனஸ் 273 டிகிரியில். அந்தக் கணக்கில் பூஜ்யம் டிகிரி என்பது நல்ல வசதியான நிலை. மனிதர்களுக்குத்தான் அது புரிவதில்லை. கருவிக்குள் ஓடும் வாயுவுக்குப் புரியும். இன்றைய ஹீட் பம்ப்புகள் பலவற்றில் ஓடுவது புரோப்பேன். சமையல் கேஸ் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே சரக்கு. அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதற்குப் பனி விழும் தெருவே எரிகிற அடுப்பு. தெருக்காற்றில் ஆவியான அந்த வாயுவை கம்ப்ரஸர் அழுத்துகிறது. அழுத்தத்தில் அது சூடாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடி சுடுவதும் இதே காரணத்தால்தான். அந்தச் சூட்டை ரேடியேட்டரில் ஓடும் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு வாயு மறுபடி திரவமாகி, மறுபடி வெளியே போகிறது.

இதில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நன்றாக அமைந்தால் நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். ஒன்று போட்டால் மூன்று வரும் என்று சொன்னால் வடசென்னையில் எவரும் நம்பமாட்டார்கள். சீட்டுக் கம்பெனிகள் அந்தப் பாடத்தை நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கின்றன. இங்கே ஏமாற்று இல்லை. மின்சாரம் நேரடியாக வெப்பமாக மாற்றப்படுவதில்லை. வெப்பத்தைச் சுமந்து வரும் கூலியாகத்தான் செலவாகிறது. சரக்கு தெருவில் இலவசமாகக் கிடக்கிறது.

ஒரே எந்திரம் கட்டடத்தைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் பயன்படும் என்பதை வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர், 1852-லேயே எழுதினார். பிரிட்டனில் அதைப் பெரிய கட்டடத்தில் செய்து காட்டியவர் நாரிச் நகரின் மின் பொறியாளர் ஜான் சம்னர். 1945-ல், போர்க்காலத் தட்டுப்பாட்டில், பழைய உதிரிகளைச் சேர்த்து அதை உருவாக்கினார். புதுப்பேட்டை முறை என்று சொல்லலாம். வெப்பம் எடுத்தது அங்கே ஓடும் வென்சம் ஆற்றிலிருந்து. 1951-ல் திறந்த லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்குத் தேம்ஸ் நதியிலிருந்து வெப்பம் எடுத்தார்கள். புழல் ஏரி மட்டும் இந்த ஊரில் இருந்திருந்தால் இதற்குள் அதில் குழாய் போட்டிருப்பார்கள்.

ஆனால் கருவி இரண்டாவது வேலை. முதல் வேலை, சுவர் முதலானவற்றின் வழியே வெப்பம் போகாமல் தடுப்பது. ஈஸ்ட் ஹாமின் வரிசை வீடுகள் பெரும்பாலும் 1900-ஐ ஒட்டிக் கட்டியவை. வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச் செங்கல். காவாங்கரையில் மேஸ்திரி கட்டுவதும் அதே ஒன்பது இஞ்ச். அந்தச் சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், சுமார் 2 வாட் வெப்பத்தை விட்டுவிடுகிறது. உள்ளே 20 டிகிரி, வெளியே பூஜ்யம், வெளிச்சுவர் 50 சதுர மீட்டர் என்றால் 2,000 வாட். பெரிய ஹீட்டர் ஒன்றை இரவு பகலாகத் தெருவுக்காக எரிப்பதற்குச் சமம். அதே சுவரை நன்றாக இன்சுலேஷன் செய்தால் இழப்பு 300 வாட் அளவுக்கு இறங்கும். வரிசை வீட்டில் இருபுறச் சுவர்களும் பக்கத்து வீட்டோடு சேர்ந்தவை என்பதால் அவற்றின் வழியே இழப்பு குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் தாராளமாக ஹீட்டிங் போடுபவராக அமைவது பெண்ணுக்கு நல்ல மாமியார் அமைவது போல.

புதுப்பிக்கும் வேலையை மலிவானதிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் லாஃப்ட். புழலில் லாஃப்ட் என்றால் சமையலறைப் பரண். பித்தளை அண்டாவும் கொலு பொம்மையும் இருக்குமிடம். லண்டனில் அது ஓட்டுக் கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள முழு இடம். அதில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடி நார்ப் போர்வை விரிக்க வேண்டும் என்பது இங்கே பரிந்துரை. அதன்மேல் பெட்டிகளை ஏற்றி அமுக்கினால் பலன் போய்விடும். காப்பது நார் அல்ல, நாருக்குள் சிறைப்பட்ட காற்று. ஊரிலிருந்து கொண்டுவந்த அண்டாவுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது இடுக்குகள். புழலில் வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது, காற்று வருமா என்று. ஈஸ்ட் ஹாமில் காற்று வந்தால் வாடகையைக் குறைக்கச் சொல்லலாம். கதவின் அடி, தபால் போடும் துளை, ஜன்னல் ஓரம், பயன்படாத புகைபோக்கி ஆகிய நான்கையும் அடைத்தால் சில பத்துப் பவுண்டு செலவில் வீடு மாறும். ஒன்றை மட்டும் அடைக்கக் கூடாது. தரை பலகையால் ஆனது. அதன் அடியில் காற்று ஓடுவதற்காகச் சுவரின் கீழே துளைச் செங்கல் வைத்திருப்பார்கள். குளிர்கிறது என்று அதை அடைத்தால் பலகையைத் தாங்கும் மரம் ஈரத்தில் உளுத்து, சில ஆண்டுகளில் சோபா கீழே இறங்கிவிடும். காப்புப் போர்வையைப் பலகைக்கு அடியில் கட்ட வேண்டும். துளை திறந்தே இருக்க வேண்டும்.

சுவருக்கு இன்சுலேஷன் கடைசியில் வருவது செலவு கருதி. வெளியே ஒட்டினால் செங்கல் முகப்பு மறைந்துவிடும்; உள்ளே ஒட்டினால் ஒவ்வொரு வெளிச்சுவரிலும் அறை நான்கு இஞ்ச் வரை சுருங்கும், பீரோ நகர வேண்டும். உள்ளே செய்யும்போது ஈரம் சுவருக்குள் சிக்காதபடி செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் என்று வந்துவிட்டால் இரு ஊரும் ஒன்று. இங்கேயும் பில்டர் "அடுத்த வாரம்" என்கிறார். இங்கேயும் வேலை டீயில்தான் நகர்கிறது; ஸ்ட்ராங்காகப் போட்ட டீக்கு ஆங்கிலத்தில் பில்டர்ஸ் டீ என்றே பெயர். புழலில் கொத்தனாருக்குப் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ; இங்கே கணக்கில்லை.

வீடு அடைபட்ட பிறகே கருவியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஊரில் ஏசியை டன்னில் சொல்கிறார்கள். ஒரு நாளில் ஒரு டன் ஐஸை உருக்கும் வெப்பம் என்பது அதன் பொருள். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஒரு டன் சுமார் 3.5 கிலோவாட். ஓரளவு காப்புச் செய்த வரிசை வீட்டுக்கு 5 முதல் 8 கிலோவாட் ஹீட் பம்ப் போதும். ஒன்றரை டன்னிலிருந்து இரண்டேகால் டன் வரை. பழைய கேஸ் பாய்லரில் 24, 28 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. அந்த அளவு ஷவருக்கு உடனடியாக வெந்நீர் தருவதற்கு. அறைகளைச் சூடாக்க அவ்வளவு தேவையில்லை. தேவைக்கு மேல் பெரிய கருவி நின்று நின்று ஓடும். மின்சாரமும் தின்னும், ஆயுளும் குறையும். அறை அறையாக இழப்பைக் கணக்கிட்டு எழுத்தில் தருபவரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும். வாசலில் நின்று கண்ணால் அளப்பவருக்கு ஒரு டீயோடு விடை கொடுக்கலாம்.

பாய்லர் 70 டிகிரித் தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். ஹீட் பம்ப் 35 முதல் 50 வரை அனுப்புவதே சிக்கனம். அனுப்பும் சூடு ஒரு டிகிரி குறைந்தால் மின்செலவு ஏறக்குறைய இரண்டு மூன்று சதவீதம் குறையும். ஆனால் தண்ணீரின் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகமாக இருந்தபோது ரேடியேட்டர் தந்த வெப்பத்தில், 25 டிகிரி மட்டும் அதிகமாக இருக்கும்போது 40 சதவீதமே கிடைக்கும். ஆகவே சில அறைகளுக்கு இரட்டைத் தகடு கொண்ட பெரிய ரேடியேட்டர் மாற்ற வேண்டும். தொட்டால் சுடாத ரேடியேட்டரைப் பார்த்து, கெட்டுப்போய்விட்டது என்று முதல் வாரம் எல்லா வீட்டிலும் புகார் எழும். அறை 20 டிகிரியில் இருந்தால் கருவி சரியாகவே இருக்கிறது.

செலவு: காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பைப் பொருத்தி முடிக்க ஏறக்குறைய 12,000 பவுண்டு ஆகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 2022 மே மாதம் மானியம் தொடங்கியது; முதலில் 5,000 பவுண்டு, 2023 அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். விண்ணப்பிப்பவர் வீட்டுக்காரர் அல்ல, சான்றிதழ் பெற்ற நிறுவுநர். அவர் பில்லில் கழித்துக்கொள்வார். மாதச் செலவில்தான் சூட்சுமம். இங்கே ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் கேஸைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பாய்லர் கேஸில் 90 சதவீதத்தை வெப்பமாக்கும் என்று கொண்டால், ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.6 யூனிட் வெப்பம் தந்தால்தான் பில் சமமாகும். அதற்குக் கீழே போனால் பூமிக்கு லாபம், பைக்கு நட்டம். சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றி, கேஸ் இணைப்பையே துண்டித்தால் ஆண்டுக்கு நூறு பவுண்டுக்குக் குறையாத நிலைக்கட்டணம் மிஞ்சும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற தமிழ்நாட்டு ஏற்பாட்டை இங்கே சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள்.

ஓட்டும் முறையில்தான் புழல் வளர்ப்பு அடிவாங்குகிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் வீடே அதிரக் கத்தும் மரபில் வந்தவர்களுக்கு, ஹீட் பம்ப்பை அணைக்காதே என்ற அறிவுரை காதில் ஏறாது. செங்கல் சுவர் ஒரு ஏரி. பூண்டியிலிருந்து கால்வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வந்து புழல் ஏரி நிரம்புவது போல, குறைந்த சூட்டில் நெடுநேரம் ஓடினால் சுவர் நிரம்பி அறை சமநிலையில் நிற்கும். காலையில் அணைத்து மாலையில் போட்டால், காலி ஏரியை ஒரே இரவில் நிரப்பக் கருவி அதிகச் சூட்டில் திணறும், திறன் விழும். இரவில் இரண்டு டிகிரி குறைப்பது போதும். வெளியே குளிர் கூடக் கூடத் தண்ணீரின் சூட்டைத் தானே உயர்த்தும் அமைப்பு கருவியிலேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டு யாரும் தொடாமல் இருப்பது நலம். மாமனார் மாமியார் வந்திருக்கும் மாதத்தில் இது கடினம்.

வெந்நீருக்குத் தனியாக 200 லிட்டர் அளவில் ஒரு சிலிண்டர் வேண்டும். பொன்னி அரிசி மூட்டை இருந்த அலமாரி இதற்குப் பலியாகும். அன்றாடம் 50 டிகிரி போதும். தேங்கும் வெந்நீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றுவது வழக்கம். மே மாதம் மொட்டை மாடி டேங்க் இதைச் செலவில்லாமல் செய்ய முயல்வதை இங்குள்ளவர்கள் நம்புவதில்லை.

அடைத்த வீட்டின் எதிரி ஈரம். இட்லி ஆவி, சாம்பார் ஆவி, ரேடியேட்டர்மேல் காயப்போட்ட வேட்டி எல்லாம் குளிர்ந்த மூலையில் போய்ப் படிந்து கரும்பூஞ்சையாக முளைக்கும். குளியலறைக்கும் அடுப்புக்கும் வெளியே காற்றைத் தள்ளும் விசிறி கட்டாயம். வெளி யூனிட்டிலும் ஈரம் ஒரு வேடிக்கை காட்டும். பூஜ்யத்தை ஒட்டிய ஈரக்குளிரில் அதன்மேல் பனி உறையும்; கருவி சில நிமிடம் திரும்பி ஓடி அதை உருக்கும்போது ஆவி எழும்பும். வீடு பற்றி எரிகிறது என்று எதிர்வீட்டுப் பாட்டி எண்ணிவிடாமல் முன்பே சொல்லிவைக்க வேண்டும். உருகிய நீர் நடைபாதையில் ஓடி உறையாதபடி வடிகாலும் வேண்டும்.

ஹீட் பம்ப் எவ்வளவு சுத்தம் என்பது அதற்கு வரும் மின்சாரத்தைப் பொறுத்தது. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30-ல் மூடியது. எண்ணூர்ப் பக்கம் சாம்பலோடு வாழ்பவர்களுக்கு இந்த வரி மட்டும் வேடிக்கையாக இருக்காது.

காவாங்கரை வீட்டு மாடி அறைக்கும் கணக்கு இதுவே, திசைதான் வேறு. அங்கே வெப்பம் வருவது மொட்டை மாடி வழியாக. ஒன்றரை டன்னா இரண்டு டன்னா என்று கடையில் கேட்பதற்கு முன், தளத்துக்கு வெள்ளை கூல் பெயின்ட் அடிப்பது அல்லது வெள்ளை ஓடு பதிப்பது, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் கட்டுவது, கதவிடுக்கை அடைப்பது ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். அதன்பின் வாங்கும் ஏசி சிறியதாகவே இருக்கும். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. அந்த எண்ணை மாற்றாமல், மேலே ஃபேனையும் ஓடவிடுவது நல்லது. ஆள் வெளியே போனால் அணைத்துவிடலாம்; அங்கே பழைய வழக்கம் செல்லும்.

அன்புடன்,
ஈஸ்ட் ஹாம் வீட்டிலிருந்து