எங்கள் தலைவருக்கு ஒரு பாராட்டுரை

தலைவரே, திருவொற்றியூரில் உங்களைப்போல் நாணயமான சங்கத் தலைவர் இன்னொருவர் இல்லை. சங்கப் பணத்தில் ஒரு டீ குடித்தவரில்லை நீங்கள். நகராட்சியாக இருந்த ஊர் 2011இல் சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலமானது. 2021இல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. எது மாறினாலும் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்குத் தலைவர் மாறவில்லை. நகராட்சிக் காலத்தில் அச்சடித்த லெட்டர்பேடைக்கூட வீணாக்காமல் இன்றும் அதில்தான் மனு எழுதுகிறீர்கள்.

சட்டத்தை நீங்கள் ஒருநாளும் மீறியதில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் நிர்வாகக் குழுவுக்கு மூன்றாண்டுக்கு மேல் பதவிக்காலம் தரவில்லை; இருந்தவரையே மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையும் போடவில்லை. மூன்றாண்டுக்கொரு முறை பொதுக்குழுவில் எழுந்து, "வேற யாராவது வர்றீங்களா?" என்று மனதாரக் கேட்கிறீர்கள். யார் வருவார்கள்? வார்டு அலுவலகத்தில் எந்த மேசைக்கு எந்த மனு போகும் என்பது உங்களுக்குத்தானே தெரியும்!

ஒருமுறை செயலாளர் பொறுப்புக்கு ஒரு பெண் முன்வந்தார். கணக்கு தெரிந்தவர், கூட்டத்தில் பேசவும் தயங்காதவர். "எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி கன்டெய்னர் லாரி நிக்கறதப் போய்ப் பாக்கணும்மா, உனக்கெதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றீர்கள். தகப்பனின் பரிவு அது. அவரும் மறுபடி கேட்கவே இல்லை.

நம்மூர்க் கோயிலில் ஆதிபுரீஸ்வரர் லிங்கத்தின் கவசம்கூடக் கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாளாவது திறக்கும். நம் சங்கத்தின் வரவுசெலவு நோட்டை அந்த அளவுக்குக்கூட வெளியில் எடுக்காமல் காத்தவர் நீங்கள். அதில் ஒரு பைசா பிசகாது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பொருளாளருக்கும் வேலை வைக்காமல் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துவிடுகிறீர்கள்.

பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்கு, எல்லாவற்றையும் தானே சுமக்கும் தலைவர் என்ற இந்தக் கொடுப்பினை இல்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, தலைவர் பி.பி.வாடியா மறு ஆண்டே லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றவர்கள் கூட்டம் நடத்தவும், நிர்வாகத்தோடு மல்லுக்கட்டவும், அடிபட்டுக் கற்றுக்கொள்ளவும் வேண்டியதாயிற்று. எங்களுக்கு அப்படியொரு சிரமத்தை நீங்கள் ஒருபோதும் தந்ததில்லை.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. கப்பலிலிருந்து ஆலைக்கு வரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சனம் தெருவுக்கு ஓடிவந்தது. அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள் அத்தனை பேரும் உங்களைத்தான் அழைத்தோம். நீங்கள் தூங்கவில்லை, வந்த அழைப்பு ஒவ்வொன்றையும் எடுத்தீர்கள், ஆம்புலன்சுக்கும் சொன்னீர்கள். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். முதலில் லைன் கிடைத்தவருக்கு வழி தெரிந்தது. மற்றவர்கள் உங்கள் லைன் கிடைக்கும்வரை காத்திருந்தோம். அதிகாரிகள் யாருடைய எண்ணும் எங்கள் ஒருவரிடமும் இல்லை. எல்லாம் உங்கள் போனில் பத்திரமாக இருந்தன.

இப்போது உங்களுக்குக் கண் அறுவை சிகிச்சை என்கிறார்கள். நல்லபடியாக முடியட்டும், நன்றாக ஓய்வெடுங்கள். நீங்கள் திரும்பும்வரை சங்கமும் ஓய்வெடுக்கும். மழைநீர் வடிகால் மனுவுக்குப் பதில் வந்தால் வாங்க ஆளில்லை, கூட்டம் கூட்டவும் ஆளில்லை. ரப்பர் ஸ்டாம்பு, மினிட் புத்தகம், காசோலை எல்லாம் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அந்த பீரோ சாவியை, செயலாளராக முன்வந்தாரே, அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் தலைவரே.