ரிசர்வில் பறக்கிறவர்

டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது, கூச்சம்தான் வரும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அளவுக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்கிற பையன்களின் வேலை என்பது அவர் எண்ணம். இத்தனைக்கும் அவர் வாடகைக்கு எடுக்கிற பைப்பர் ஆரோ, இறக்கை தாழ்வாக இருக்கும் விமானம். செஸ்னாக்காரர்கள் மாதிரி ஏணி போட்டு ஏற வேண்டாம். நின்ற இடத்தில் லேசாகக் குனிந்தால் போதும். குனிய மாட்டார். உள்ளே உட்கார்ந்து மாஸ்டர் சுவிட்சைப் போட்டு, பெட்ரோல் அளவு காட்டும் இரண்டு முட்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இருக்கும் சார், போலாம்” என்பார்.

டேங்கில் பயன்படும் பெட்ரோல் தீர்ந்துபோனால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும், அமெரிக்க விதி உறுதியாகக் கேட்பது அவ்வளவுதான் என்று ஹாங்கரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். விதி அதைவிடக் கூடுதலாகவே கேட்கிறது. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய விமானத்தின் முள்ளை நம்பி யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். இவர் நாலு உயிரைக் கொடுப்பார்.

நோய் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். சான் ஹோசேயில் மென்பொருள் எழுதுவதற்கு முன்னால், ஊரில் அவர் ஓட்டியது பஜாஜ் சேத்தக். வண்டி இருமி நின்றால் குனிந்து திருகை ரிசர்வுக்குத் திருப்புவார். ரிசர்வும் தீர்ந்தால் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து நிமிர்த்துவார். எங்கிருந்தோ இன்னும் நாலு சொட்டு இறங்கி வரும். பங்க் வரை போய்விடலாம். அந்த நாலு சொட்டின் மேல் அவருக்கு இன்றுவரை பக்தி. ஆரோவில் பைலட்டின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு திருகு உண்டு: இடது டேங்க், வலது டேங்க், மூடு. இரண்டும் சேர்ந்து ஓடும் வசதி கிடையாது. அரை மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். அவர் கண்ணுக்கு அதில் ஒரு டேங்க்தான் டேங்க், மற்றது ரிசர்வ். இன்ஜின் இருமினால் திருப்பிக்கொள்ளலாமாம். 5,000 அடி உயரத்தில் சாய்த்துப் படுக்கவைத்து நிமிர்த்துகிற உத்தேசமும் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை.

கணக்கில் புலி. நிரப்பினால் 72 கேலன், மணிக்குப் பத்து கேலன் குடிக்கும், ஆக ஏழு மணி நேரம் பறக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நிரப்பியிருக்கிறதா என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது. வற்புறுத்திக் கேட்டால், “வெயிட் சார்!” என்பார். அதில் நியாயம் உண்டு. கேலனுக்கு 6 பவுண்டு, முழு டேங்க் 432 பவுண்டு. நாலு பெரியவர்கள் ஏறினால் பெட்ரோலைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தனியாகப் போகும்போதும் அதே பதிலைத்தான் சொல்கிறார். பகலில் போகிற இடத்துக்கு மேல் இன்னும் அரை மணி நேரம் பறக்கும் அளவு பெட்ரோல் இருக்க வேண்டும், இரவானால் முக்கால் மணி என்று சட்டம் சொல்கிறது. அந்த அரை மணியை, செலவழித்துக்கொள்ளச் சொல்லி அரசாங்கம் அளித்த மானியமாக அவர் புரிந்துவைத்திருக்கிறார்.

அவர் கவனமெல்லாம் சக்கரத்தில். சக்கரம் உள்ளே மடங்க வேண்டும், ஃபிளாப் வேண்டும், புரொப்பெல்லர் இதழின் கோணத்தை மாற்ற முடிய வேண்டும். மூன்றும் இருந்தால்தான் அமெரிக்காவில் அது ‘காம்ப்ளெக்ஸ்’ விமானம். ஓட்டுவதற்குப் பயிற்சியாளர் லாக்புக்கில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தின் படம் அவர் வாட்ஸாப்பில் முகப்புப் படமாக ஒரு வருஷம் இருந்தது. 200 குதிரைசக்திக்கு மேல் போனால் இன்னொரு கையெழுத்து உண்டு. ஆரோவுக்குச் சரியாக 200. ஒரு குதிரையில் தவறிப்போனதை இப்போதும் பெருமூச்சோடு சொல்வார். இறங்கும்போது மூன்று பச்சை விளக்கும் எரிவதைப் பின்சீட்டுக் குழந்தைகளை விட்டு எண்ணவைப்பார். சக்கரத்தை மறக்கிறவர்களுக்காக பைப்பர் கம்பெனி பழைய ஆரோக்களில் ஓர் ஏற்பாடே செய்திருந்தது; வேகம் குறைந்தால் சக்கரம் தானாகவே இறங்கிவிடும். டேங்கை மறக்கிறவர்களுக்கு அப்படி யாரும் எதுவும் செய்து கொடுக்கவில்லை.

2022 பிறந்ததும் அவருக்குப் பொற்காலம் பிறந்தது. நாங்கள் பறக்கிற ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் ஈயம் கலந்த விமான பெட்ரோலை விற்பதைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்தியது. சுற்றிலும் குடியிருப்புகள், குழந்தைகள். அது சரியான முடிவுதான். பதிலுக்கு வந்த ஈயமில்லாத 94 ரகம் பல செஸ்னா ஸ்கைஹாக்குகளுக்குப் போதும், ஆரோவின் இன்ஜினுக்கு ஆகாது. ஆரோக்காரர்கள் திரும்பி வரும் வழியில் லிவர்மோரிலோ வேறெங்கோ இறங்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. பெட்ரோல் காசு கைவிட்டுப் போகாது. வாடகையிலேயே அடக்கம், ரசீதைக் கொடுத்தால் வாடகைக்கு விடுகிற கிளப் கழித்துக்கொள்ளும். ஆனால் வாடகை நேரத்தை அளக்கிற ஹாப்ஸ் மீட்டர் ஆறு நிமிஷத்துக்கு ஒரு எண் ஓடும். மணிக்கு 200 டாலர் வாடகையில் அந்த எண் ஒவ்வொன்றும் 20 டாலர். லிவர்மோர் போய் வந்தால் நாலு எண்ணாவது கூடும். அவர் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்கு அடுத்து பதிவு செய்திருக்கும் அப்பாவி, மான்டரே போகிற ஆசையோடு வந்து குச்சியை விட்டுப் பார்த்து, நுனி மட்டும் நனைந்திருப்பதைக் கண்டு, முதலில் பெட்ரோலைத் தேடிப் பறப்பான். அந்த அப்பாவி பெரும்பாலும் நான். இதில் எனக்குச் சிரிப்பு எதுவும் வரவில்லை. அவர் மிச்சம் பிடித்த 80 டாலர் என்னுடையது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் வெளியிட்ட எச்சரிக்கையை அச்செடுத்து அவர் பையில் வைத்தேன். 2011 முதல் 2015 வரை அமெரிக்காவில் எரிபொருளைக் கவனிக்காமல் விட்டதால் ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுவிமான விபத்துகள். 95 சதவீதத்தில் தப்பு மனிதர்கள் பக்கம். எனக்குப் பிடித்த வரி வேறு. அந்த விபத்துகளில் பயிற்சி மாணவர்களின் பங்கு வெறும் 2 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் கமர்ஷியல் உரிமமோ அதற்கு மேலோ வைத்திருந்த பழுத்த ஆட்கள். மாணவன் பயப்படுகிறான், குனிந்து பார்க்கிறான். அவர் படித்துவிட்டு, “பாருங்க, மாணவர்கள் எவ்வளவு கவனமா இருக்காங்க!” என்று பாராட்டினார்.

1978 டிசம்பரில் யுனைடெட் 173 விமானம், சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே போர்ட்லாந்தைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் எரிபொருள் தீர்ந்து விழுந்ததைச் சொன்னேன். பத்துப் பேர் இறந்தார்கள். “அது ஜெட் சார்.” பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில், பக்கத்திலே இருக்கிற மான்டரேயில், பெட்ரோல் வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கடலில் விழுந்ததைச் சொன்னேன். டேங்க் மாற்றும் திருகு டென்வரின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. “அது வீட்டுல கட்டின விமானம் சார், நம்மளது ஃபேக்டரி மேக்.”

மனிதர் மோசமில்லை. ஊரிலிருந்து யாருடைய அப்பா அம்மா வந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து கோல்டன் கேட் பாலத்தை மேலிருந்து காட்டுவார். வாந்தி வந்தால் உறை, பசித்தால் தயிர்சாதம், எல்லாம் பையில் இருக்கும். அளவுக்குச்சி மட்டும் இருக்காது. மாதம் ஒருமுறை கோலிங்கா பக்கம் ஹாரிஸ் ராஞ்ச் போவார். ரன்வேயிலிருந்து நடந்தே ஹோட்டலுக்குப் போய்விடலாம். மாட்டிறைச்சிக்குப் பேர்போன இடத்துக்கு நாலு சைவக்காரர்கள் ஏறக்குறைய 100 கடல் மைல் பறந்து போய், உருளைக்கிழங்கு வறுவல் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். பிரைவேட் பைலட் தன் பங்கைப் போடாமல் பயணிகளிடம் வசூலிக்கக் கூடாது என்பது விதி. இந்த விதியில் அவர் அரிச்சந்திரன். வாடகையை நாலாக வகுத்து, தன் கால் பங்கை சென்ட் சுத்தமாக முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்பார்.

போன வாரம் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஹாரிஸ் ராஞ்ச் போக ஒரு சீட் காலியாம். என் கால் பங்கை அப்போதே அனுப்பிவிட்டு, ஐ-5 நெடுஞ்சாலை வழியாகக் காரில் வந்து சேர்கிறேன், வழியில் பங்க் நிறைய உண்டு என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பணம் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: “ஏறாதவங்ககிட்ட பங்கு வாங்கறது விதிக்கு விரோதம் சார்.”