பத்தொன்பது புள்ளி மூணு

திப்பு சுல்தான் போர்க்களத்தில் விழுந்து மூன்று வருஷம். மைசூர் ராஜ்யத்துக்கு எல்லைக்கோடு போடும் வேலை லெப்டினன்ட் ஜான் வாரனுக்கு வந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆள் பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளை. புரட்சிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்து, பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து, பிரெஞ்சுக்காரர்களின் நண்பரான திப்புவையே எதிர்த்துச் சண்டை போட்டவர். கட்சி தாவுவதில் நம்ம எம்.எல்.ஏ.க்களுக்கெல்லாம் சீனியர்!

1802-இல் சர்வே நடக்கும்போது, ‘கோலார் பக்கம் மண்ணில் தங்கம் இருக்கு’ என்று ஒரு பேச்சு அவர் காதில் விழுந்தது. உடனே அறிவிப்பு: தங்கம் காட்டுகிறவருக்குப் பரிசு! ஊர்க்காரர்கள் வந்தார்கள். கட்டி கட்டியாகத் தங்கத்தோடு அல்ல, மாட்டுவண்டி நிறைய மண்ணோடு. துரையின் முகம் எப்படிப் போயிருக்கும்?

அவர் கண்ணெதிரே மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஆட்ட ஆரம்பித்தார்கள். பாட்டி ரேஷன் அரிசியை அரிப்பாளே, அதே லாவகம்தான். பாட்டி மேலே வருவதை எடுத்துக்கொண்டு அடியில் நிற்பதைக் கொட்டுவாள். இவர்கள் மேலே வருவதைக் கொட்டிவிட்டு அடியில் நிற்பதைக் காட்டினார்கள். மினுக் மினுக்கென்று சில துகள்கள். வாரன் அசந்துபோய் ரிப்போர்ட் எழுதினார். அதில் அவர் பெயர் இருக்கிறது. அரித்தவர்கள் பெயர்? துரை கேட்டிருந்தால்தானே!

இதில் மந்திரம் எதுவுமில்லை, ஒரு வகுத்தல் கணக்குதான். நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம். அதே அளவு குவார்ட்ஸ் கல் 2.65 கிராம். ஏழு மடங்கு வித்தியாசம். தண்ணீருக்குள் போனால் இன்னும் வேடிக்கை. பணக்காரன், ஏழை பார்க்காமல் இரண்டு பேரிடமும் ஒரே ஒரு கிராம் கமிஷன் பிடித்துக்கொள்கிறது தண்ணீர். தங்கத்துக்கு மிச்சம் 18.3, கல்லுக்கு 1.65. ஏழு மடங்கு பதினோரு மடங்காகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே தொகை வரி போட்டால் ஏழை காணாமல் போவான் என்பது இயற்பியலிலேயே இருக்கிறது!

‘அதெல்லாம் ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்தது ஆச்சே’ என்பீர்கள். ராஜாவின் கிரீடத்தில் தட்டான் வெள்ளி கலந்தானா என்ற சந்தேகம், குளியல் தொட்டி, வழிந்த தண்ணீர், யுரேகா, துணியில்லாத ஓட்டம். இந்த சினிமாக் காட்சியை எழுதிவைத்த விட்ருவியஸ், சம்பவம் நடந்து சுமார் இருநூறு வருஷம் கழித்து வந்தவர். நம்ம பத்திரிகைகளில் வரும் ‘நம்பத்தகுந்த வட்டாரம்’ இதைவிடக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும்.

சரி, கணக்கு போட்டுத்தான் பார்ப்போமே. ஒரு கிலோ சுத்தத் தங்கக் கிரீடம் 52 மில்லி தண்ணீரை வெளியே தள்ளும். தட்டான் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தால் 65 மில்லி. வித்தியாசம் 13 மில்லி. 20 சென்டிமீட்டர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் மட்டம் ஏறுவது 0.4 மில்லிமீட்டர்! இதை வெறும் கண்ணால் பார்த்து ஒருவரைத் திருடன் என்று தீர்ப்புச் சொல்ல முடியுமா? 22 வயது கலிலியோவுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. தண்ணீருக்குள் வைத்து எடை போடும் தராசு ஒன்றை 1586-இல் விவரித்து, பெரியவர் இப்படித்தான் செய்திருப்பார் என்று மரியாதையாகச் சமாளித்தார். அதில் அம்மணமாக ஓடவேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் அந்தக் கதை பிரபலமாகவில்லை.

கோலாருக்குத் திரும்புவோம். வாரன் ரிப்போர்ட் எழுபது வருஷம் தூங்கியது. (அரசாங்க ஃபைலுக்கு இது குட்டித் தூக்கம்.) 1871-இல் அதைத் தூசி தட்டிப் படித்தவர் மைக்கேல் லவெல். நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டு ரிட்டயர் ஆகி, பெங்களூர் கன்டோன்மென்டில் செட்டிலான ஐரிஷ்காரர். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலார் போனார், பார்த்தார், அரசாங்கத்திடம் லைசென்ஸ் கேட்டார். அதிகாரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? “தங்கமெல்லாம் கிடைக்காது, வேண்டுமானால் நிலக்கரி தேடுங்கள்!”

கோலார் பாறைக்கு வயது சுமார் 270 கோடி வருஷம். நிலக்கரி ஆவதற்கு முதலில் செடி கொடி மரம் வேண்டும். அதுகள் நிலத்தில் முளைக்க இன்னும் இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் பாக்கி. ஆனாலும் ஆபீசர் சொன்னால் சொன்னதுதான்.

லவெல் அடம்பிடித்து 1875-இல் தங்கத்துக்கே குத்தகை வாங்கிவிட்டார். கூடவே கையில் இருந்த காசும் தீர்ந்தது. உரிமை கைமாறி, 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்து லாபம் பார்த்தார்கள். லவெலுக்கு மிஞ்சியது பெங்களூரில் ஒரு லவெல் ரோடு. இன்று அங்கே மேல்மண்ணே தங்க விலை. தோண்டவே வேண்டாம்.

அதே சமயத்தில் லண்டனுக்குத் தங்கக் காய்ச்சல். வயநாட்டுப் பக்கம், நம்ம பந்தலூர், தேவாலாவில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. எல்லாம் புஸ்! பங்குப் பத்திரத்தைத் தண்ணீரில் போட்டு அரித்துப் பார்த்தவர் யாருமில்லை.

கோலாரில் மட்டும் நிஜமாகவே கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறைச் சூடு 60 டிகிரியைத் தாண்டும் ஆழத்தில் இறங்கி உடைத்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று மைன்ஸை மூடும்வரை எடுத்தது சுமார் 800 டன். கேட்டாலே மூச்சு முட்டுகிறது, இல்லையா? 19.3-ஆல் வகுங்கள். 41 கன மீட்டர் சொச்சம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயர அறை ஒன்றில் அடுக்கிவிடலாம். சுமார் பதிமூன்று டன்தான் வராந்தாவுக்கு வரும். தொழிலாளியின் குடும்பமே ஒண்டிக்கிடந்த லைன் வீட்டு அறையைவிடச் சற்றே பெரிய அறை. நூற்றிருபது வருஷ சாம்ராஜ்யம் மொத்தமும் அவ்வளவுதான்.

‘கே.ஜி.எஃப்’, ‘தங்கலான்’ பார்த்த கையோடு தங்கக் கனவு காண்கிறவர்களுக்கு ஒரு தகவல். சினிமாவில் ஹீரோ ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் தங்க சூட்கேஸ் 50 லிட்டர் கொள்ளும் என்று வையுங்கள். எடை 965 கிலோ. வில்லன் துரத்தவே வேண்டாம். டீ குடித்துவிட்டு நிதானமாக வரலாம்.

அடர்த்தி அதிகம் என்பதால் தங்கம் சின்னப் பெட்டிகளில் அடங்கி, அமைதியாக ஊரை விட்டுப் போய்விட்டது. அடர்த்தி குறைந்த மணல் ஊரிலேயே தங்கிவிட்டது. சயனைடு போட்டுத் தங்கத்தைக் கறந்த பிறகு கொட்டிய சக்கை, மலை மலையாக, சுமார் 3.3 கோடி டன். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்று வைத்தாலும், அதை அடைக்க நம்ம பன்னிரண்டடி அறை போல 5 லட்சத்துக்கும் மேல் அறைகள் வேண்டும். காற்றடித்தால் வாடகை தராமல் வீட்டுக்குள் வந்து, சோற்றுத் தட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

2024-இல், 13 சக்கை மலைகளையும் மறுபடி அலசிப் பார்க்க கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்திருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் கம்மியாகத்தான் தேறும் என்கிறார்கள். ஆகவே, “கோலார் தங்கத்துல பங்கு சார், கடைசி சான்ஸ்!” என்று யாராவது போன் செய்தால், கட் பண்ணுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: “எத்தனை டன் மண்ணுக்கு, தம்பி?”