மேல்நிலைப் பாடப்பிரிவு: கேள்வியும் பதிலும்

கேள்வி: பத்தாம் வகுப்பில் 480 மதிப்பெண் வாங்கிய மகன், அறிவியலை விட்டுவிட்டு வணிகவியல் பிரிவு கேட்கிறான். மதிப்பெண் வீணாகாதா?

பதில்: ஈராண்டுகள் அப்பாடங்களைப் படித்துத் தேர்வெழுதப் போவது மகனா, மதிப்பெண் பட்டியலா? வணிகவியலும் கணக்குப்பதிவியலும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு உரியவை என்ற எண்ணம் தமிழகப் பெற்றோரிடையே ஆழமாக வேரூன்றியிருப்பினும், நிறுவனங்களின் வரவுசெலவைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் பட்டயக் கணக்காளர் ஆவதற்கான முதற்படியாகிய அடித்தளத் தேர்வு, கணக்கியல், வணிகச் சட்டம், பொருளியல் ஆகியவற்றோடு கணிதத்தையும் புள்ளியியலையும் உள்ளடக்கியிருப்பதால், நன்கு படிக்கும் மாணவரின் திறமைக்கு அங்கே வேலை மிகுதி. பிள்ளை விரும்பிக் கேட்கும் பாடத்தைக் கௌரவத்தின் பெயரால் மறுப்பதே உண்மையான வீண்.

கேள்வி: கணிதத்துக்குப் பயந்து மகள் தூய அறிவியல் பிரிவை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: 200இல் 100 குறைந்துவிடும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் மாணவரை வரிசைப்படுத்தும் கூட்டு மதிப்பெண், அதாவது 'கட்-ஆஃப்', கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கணக்கிடப்படுகிறது. தூய அறிவியல் பிரிவிலோ கணிதத்துக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் இடம்பெறுகின்றன. மருத்துவமே குறிக்கோள் எனில் கவலை வேண்டாம், நீட் தேர்வு கணிதத்தைக் கேட்பதில்லை.

கேள்வி: எந்தப் பிரிவு எடுத்தாலும் சேரக்கூடிய தொழிற்படிப்பு உண்டா?

பதில்: உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சேரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, மாணவரிடம் பாடப்பிரிவைக் கேட்பதில்லை.